தலைமுடிவழி நுண்தனிமப் பரிசோதனைச் சேவை: அளவீட்டுக்கு ஒரு மதிப்பெண், விளக்கத்துக்கு வேறொரு மதிப்பெண்

பின்னந்தலையிலிருந்து வெட்டிய சிறு முடிக்கற்றை ஒன்றை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பினால், 30-க்கும் மேற்பட்ட தனிமங்களின் அளவை அதில் கண்டறிந்து, உடல் திசுக்களில் தாதுக்களின் நிலை இதுதான் என்று வண்ணப் பட்டைகளாக வரைந்து அனுப்பும் சேவைகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கிப் பயன்படுத்திய பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் கண்ட குறைகளில் முக்கியமானவை இந்த வகைச் சேவைகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால், ஒரு பெயரைச் சுட்டுவதைவிடக் குறைகளை விளக்குவதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியில் உள்ளதை அளக்கும் வேலையை இந்த ஆய்வகம் மதிக்கத்தக்க முறையில் செய்கிறது. முடியில் உள்ள அளவு கல்லீரலிலும் எலும்பிலும் தசையிலும் உள்ள அளவைச் சொல்லும் என்னும் கூற்றைத்தான் பெரும்பாலான தனிமங்களுக்கு ஏற்க முடியாது. பணம் வாங்குவதோ அந்தக் கூற்றுக்காகத்தான்.

மாதிரி சேகரிக்க அனுப்பப்படும் பொதி எளிமையாகவும் ஒழுங்காகவும் இருந்தது. தலைத்தோலை ஒட்டிய சில சென்டிமீட்டர் முடியை மட்டும் வெட்டுமாறும், மீதமுள்ள நீளத்தை விட்டுவிடுமாறும் தெளிவாக எழுதியிருந்தார்கள். போதிய எடை சேர்ந்ததா என்று பார்க்க ஓர் அட்டைத் தராசும் இருந்தது. முடிச்சாயம், நிறநீக்கம், பொடுகுக்கான ஷாம்பு ஆகியவற்றைப் பற்றி விண்ணப்பப் படிவத்தில் கேட்டிருந்ததைப் பாராட்ட வேண்டும். பொடுகு ஷாம்புகள் சிலவற்றில் செலினியம் சல்பைடு இருப்பதால், அதைப் பயன்படுத்துபவரின் முடியில் செலினியம் பல மடங்கு ஏறிவிடும். ஆனால் என்ன தொழில் செய்கிறேன், என்னென்ன மருந்துகளும் சத்து மாத்திரைகளும் எடுக்கிறேன், அண்மையில் காய்ச்சலோ நோய்த்தொற்றோ இருந்ததா, கர்ப்பம் உண்டா என்பவற்றை எங்கும் கேட்கவில்லை. நுண்தனிம அளவு ஒன்றைப் படிக்க எந்த மருத்துவரும் முதலில் கேட்கும் கேள்விகள் இவை. சுத்தமான கத்தரிக்கோல் எதுவானாலும் போதும் என்ற குறிப்பும் என்னை உறுத்தியது. துருப்பிடிக்காத எஃகில் குரோமியமும் பெரும்பாலும் நிக்கலும் கலந்திருக்கின்றன; அறிக்கையிலோ அவ்விரண்டுக்கும் தனித்தனிப் பட்டைகள் உண்டு.

ஆய்வகம் பயன்படுத்தும் கருவி ஐசிபி-எம்எஸ் எனப்படும் பிளாஸ்மா நிறைமாலைமானி. முடியை நைட்ரிக் அமிலத்தில் முற்றிலும் கரைத்து, அந்தக் கரைசலை ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தெளித்து, அயனிகளாகச் சிதறும் அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுவது இதன் முறை. இந்தத் துறையில் இதைவிடக் கூர்மையான கருவி அன்றாடப் பயன்பாட்டில் இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் கருவியின் பெயர் மட்டும் நம்பிக்கைக்குப் போதாது. ஆர்சனிக்கின் நிறையெண் 75. ஆர்கானும் குளோரினும் ஒட்டிக்கொண்டால் உருவாகும் அயனியின் நிறையெண்ணும் அதே 75. உப்புள்ள மாதிரியில் இந்தக் கலப்பை நீக்காமல் அளந்தால், இல்லாத ஆர்சனிக் இருப்பதாகத் தெரியும். நல்ல ஆய்வகங்கள் இதை ஹீலியம் வாயு நிரப்பிய மோதல் அறையின் மூலம் கையாள்கின்றன. இந்த ஆய்வகமும் அவ்வாறே செய்வதாக, நான் எழுதிக் கேட்டபோது பதில் அனுப்பியது. சான்றளிக்கப்பட்ட மனித முடி மாதிரிகள் ஜப்பானிலும் சீனாவிலும் தயாரிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை ஒவ்வொரு தொகுதியுடனும் சேர்த்து அளப்பதாகவும் சொன்னார்கள். இவ்வளவு நல்ல தகவல்களை அறிக்கையில் அச்சிடாமல், கேட்டவருக்கு மட்டும் சொல்வது ஏன் என்று விளங்கவில்லை. கண்டறியும் குறைந்தபட்ச அளவும் அளவீட்டின் பிழை எல்லையும் இல்லாமல், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களோடு ஓர் எண்ணைக் கொடுப்பது வாசகருக்குப் பொய்யான உறுதியைத் தருகிறது.

நுண்தனிமங்களை அளப்பதில் மாசு எவ்வளவு பெரிய எதிரி என்பதை அறிய, குரோமியத்தின் வரலாற்றைப் பார்த்தால் போதும். 1950-களிலும் 1960-களிலும் இரத்தப் பிளாஸ்மாவில் இருப்பதாக வெளியான குரோமிய அளவுகள், இன்று ஏற்கப்படும் அளவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். இடைப்பட்ட காலத்தில் மனித உடல் மாறிவிடவில்லை. ஊசியிலிருந்தும் குழாயிலிருந்தும் ஆய்வகத் தூசியிலிருந்தும் வந்த குரோமியத்தையே அக்காலத்தவர் உடலின் கணக்கில் எழுதியிருந்தார்கள் என்பது, தூய்மை கூடக் கூட எண்கள் சரிந்தபோது தெரியவந்தது. மூடிய குழாயில் எடுக்கும் இரத்தத்துக்கே இந்த நிலை என்றால், மாதக்கணக்கில் வெயிலிலும் வியர்வையிலும் சோப்பு நீரிலும் கிடந்த முடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதற்காகத்தான் முடியை முதலில் அசிட்டோனிலும், பின் பலமுறை தூய நீரிலும், இறுதியில் மீண்டும் அசிட்டோனிலும் கழுவும் முறையைச் சர்வதேச அணுசக்தி முகமை பல ஆண்டுகளுக்கு முன்பே பரிந்துரைத்தது. ஆனால் எந்தக் கழுவலும் வெளியிலிருந்து படிந்ததை மட்டும் நீக்கிவிட்டு உள்ளிருந்து வந்ததை அப்படியே விட்டுவைப்பதில்லை. மெல்லக் கழுவினால் மாசு நிற்கும். கடுமையாகக் கழுவினால் முடியின் சொந்தத் தனிமமும் கரைந்துபோகும்.

இதைச் சோதிக்க, ஒரே கற்றையின் வேர்ப்பகுதியைத் தனியாகவும் நுனிப்பகுதியைத் தனியாகவும் இரு வேறு உறைகளில் அனுப்பினேன். வேர்ப்பகுதியில் கால்சியமும் செம்பும் பச்சைப் பட்டைக்குள் அடங்கின. நுனிப்பகுதியில் இரண்டும் சிவப்பைத் தொட்டன. முடி நீளும் காலமெல்லாம் குளிக்கும் நீரிலுள்ள கால்சியமும் குழாய்களிலிருந்து வரும் செம்பும் அதன்மேல் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் இந்த வேறுபாடு எதிர்பார்க்கக்கூடியதே. கருவி இரண்டு முறையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் அறிக்கை, முதல் உறைக்குரியவருக்குக் கால்சியச் சமநிலை நன்று என்றும், இரண்டாம் உறைக்குரியவரின் மென்திசுக்களில் கால்சியம் படிந்துகொண்டிருக்கிறது என்றும் எழுதியது. இருவரும் ஒரே ஆள்.

இது என் ஒருவரின் அனுபவம் மட்டுமாக இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 1985-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வொன்றில், ஆரோக்கியமான இரண்டு பதின்வயதினரின் முடி 13 வணிக ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டது. முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதே இதழில் 2001-இல் வெளியான மற்றொரு ஆய்வில், ஒரே ஆரோக்கியமான நபரின் முடியைப் பங்கிட்டு 6 ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். 12 தாதுக்களில் அதிகபட்ச முடிவு குறைந்தபட்ச முடிவைவிட 10 மடங்குக்கும் மேல் இருந்தது. எது இயல்பு என்னும் வரம்பிலும் ஆய்வகங்கள் வேறுபட்டன. தந்த உணவு அறிவுரைகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. அதன்பின் கருவிகள் முன்னேறியுள்ளன என்பது உண்மை. முடிக்கும் உள்ளுறுப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி அதே அளவில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளிதான் இந்த மதிப்பீட்டின் மையம். ஒவ்வொரு தனிமத்துக்கும் உடலில் அதற்கென்று ஓர் இருப்பிடம் உண்டு. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 2 கிராம் துத்தநாகம் இருக்கிறது; அதில் மிகப் பெரும் பகுதி தசையிலும் எலும்பிலும் உள்ளது. இரத்தப் பிளாஸ்மாவில் இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. உணவு உண்டபின்னும் நோய்த்தொற்றின்போதும் அந்தச் சிறு பங்கும் குறைந்துவிடும் என்பதால், பிளாஸ்மா அளவே தனி ஒருவரின் துத்தநாக நிலைக்கு முழுமையான அளவுகோல் ஆகாது. முடியின் நிலை இன்னும் சிக்கலானது: துத்தநாகம் கடுமையாகக் குறைந்தவருக்கு முடி வளர்ச்சியே மந்தமாகிவிடும், குறைந்த முடிக்குள் கிடைத்த துத்தநாகம் செறிந்து, அளவு இயல்பாகவோ அதிகமாகவோகூடத் தெரியும். 1960-களின் தொடக்கத்தில் ஈரானிலும் எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கண்டு, மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதை எடுத்துக்காட்டிய மருத்துவர் ஆனந்த பிரசாத், நோயாளியின் உணவையும் வளர்ச்சியையும் பருவமடைதலையும் கூர்ந்து பார்த்தே அந்த முடிவை எட்டினார். அத்தகைய கவனம் எதுவும் ஒரு வண்ணப் பட்டைக்குள் அடங்காது.

செம்பின் கதை இன்னும் கூர்மையானது. உடலில் மொத்தமே 100 மில்லிகிராம் அளவில்தான் செம்பு இருக்கிறது. 1912-இல் மருத்துவர் வில்சன் விவரித்த, இன்றும் அவர் பெயராலேயே அறியப்படும் மரபு நோயில், செம்பு வெளியேற வழியின்றிக் கல்லீரலிலும் மூளையிலும் குவிகிறது. கல்லீரல் திசுவின் உலர் எடையில் ஒரு கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அது நோயை வலுவாகச் சுட்டும். இயல்பாக 50-க்கும் கீழ்தான் இருக்கும். அதே நோயாளியின் இரத்தத்தில் மொத்தச் செம்பு பெரும்பாலும் குறைந்தே காணப்படுகிறது. செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம் அவருக்குக் குறைவு என்பதே காரணம். திசு நிரம்பி வழியும்போது இரத்தம் வறட்சியைக் காட்டும் இந்த ஒரு நோயே, ஓரிடத்து அளவை இன்னோரிடத்துக்குப் பொருத்திப் பேசக் கூடாது என்பதற்குப் போதுமான சான்று. நான் பெற்ற அறிக்கையோ, முடியிலுள்ள செம்பை வைத்துக் கல்லீரலின் செம்புச் சேமிப்பைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தது.

இரும்புக்கும் இதே கதிதான். உடலிலுள்ள 3 முதல் 4 கிராம் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. சேமிப்பின் நிலையைச் சீரம் ஃபெரிட்டின், அதாவது இரும்பைச் சேமிக்கும் புரதத்தின் இரத்த அளவு, காட்டுகிறது. ஆரோக்கியமான வயது வந்தவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால் குறைபாடு என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறுவதால் அப்போது வரம்பு 70. முடியிலுள்ள இரும்புக்கு இத்தகைய வரையறை எதுவும் கிடையாது. அயோடினில் பெரும் பகுதி தைராய்டு சுரப்பியில் உள்ளது. சிறுநீர் அயோடினின் இடைநிலை அளவை ஒரு மக்கள்தொகையின் நிலையை அறியத்தான் பயன்படுத்துகிறார்கள், தனி ஒருவரின் நிலையை அறிய அல்ல.

நச்சு உலோகங்களுக்கான பக்கம்தான் வாடிக்கையாளரை அதிகம் அச்சுறுத்துவது. வளர்ந்தவரின் உடலிலுள்ள ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் எலும்பில் பதிந்து பல பத்தாண்டுகள் தங்கும். இரத்தத்தில் உள்ளதோ ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும். அதனால் இரத்த ஈயம் அண்மைக் கால நுழைவைக் காட்டுகிறது; எலும்பிலுள்ள பழைய சுமையைக் காண எக்ஸ்-கதிர் ஒளிர்வு போன்ற சிறப்பு முறைகள் வேண்டும். காட்மியம் சிறுநீரகத்தில் குடியேறி 10 முதல் 30 ஆண்டுகளில்தான் பாதியாகக் குறையும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் எலும்புகள் முறிந்து துன்புற்ற மக்களின் இத்தாய்-இத்தாய் நோய்க்கு அதுவே காரணம் என 1968-இல் அந்நாட்டு அரசு ஏற்றது. இத்தகைய நெடுங்காலச் சுமையை அறியச் சிறுநீர்க் காட்மியத்தைப் பார்க்கிறார்கள். முடியில் இவ்விரண்டையும் அளக்கலாம். தூசியிலிருந்து வந்ததா இரத்தத்திலிருந்து வந்ததா என்பதை அந்த அளவு சொல்லாது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒரு விதிவிலக்கு, பெரும்பாலும் மீன் வழியாக உடலில் சேரும் பாதரச வகையான மெத்தில் பாதரசம். அது இரத்தத்திலிருந்து முடி உருவாகும்போதே அதன் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. முடியில் அதன் செறிவு இரத்தத்தைப் போல் ஏறத்தாழ 250 மடங்கு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால், நீளவாக்கில் துண்டு துண்டாக அளந்தால் கடந்த மாதங்களின் நுழைவையே வரிசையாகப் படிக்கலாம். 1971-72 குளிர்காலத்தில் ஈராக்கில், மெத்தில் பாதரசப் பூஞ்சைக்கொல்லி தடவிய விதைத் தானியத்தை ரொட்டியாக்கி உண்ட பேரழிவில், யார் எப்போது எவ்வளவு உட்கொண்டார் என்பதை ஆய்வாளர்கள் முடியிலிருந்துதான் மீட்டெடுத்தார்கள். ஆலைக் கழிவின் பாதரசத்தால் பாதிக்கப்பட்ட ஜப்பானின் மினமாட்டாவில் குடும்பங்கள் நினைவாக உலர்த்திப் பாதுகாத்து வைத்திருந்த தொப்புள்கொடிகளை அளந்து, பிறந்த ஆண்டுவாரியாகக் கருவில் ஏற்பட்ட பாதரசத் தாக்கத்தைக் கண்டறிந்தது இதன் உடன்பிறப்பான முயற்சி. ஒரு திசு எதைச் சொல்ல வல்லது என்பதை அறிந்து அதனிடம் அதை மட்டும் கேட்டால், அறிவியல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இவை என்னை நெகிழவைக்கும் எடுத்துக்காட்டுகள். ஆகவே, பெரிய கடல்மீன்களை அடிக்கடி உண்பவர் தம் பாதரச நுழைவை அறிய விரும்பினால், இந்தச் சேவையின் அந்த ஒரு வரிக்கு மதிப்புண்டு. பாதரச ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு அதுவும் பொருந்தாது. அவருக்குச் சிறுநீரே சரியான மாதிரி.

இனி, இயல்பு வரம்பு. அறிக்கையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில், வரம்புகள் ஆய்வகத்தின் சொந்த வாடிக்கையாளர்களின் முடிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்று இருந்தது. மாதிரி அனுப்பியவர்களில் நடுவில் உள்ளவர்களுக்குப் பச்சை, ஓரத்தில் உள்ளவர்களுக்குச் சிவப்பு. சிவப்பில் விழுந்தவர் நோயாளி என்றோ, பச்சையில் உள்ளவர் நலமானவர் என்றோ இதிலிருந்து சொல்ல வழியில்லை. மேலும், ஒவ்வொரு தனிமத்திலும் ஓரத்து 5 விழுக்காட்டினருக்குச் சிவப்பு என்று வைத்தாலே, 30-க்கும் மேற்பட்ட பட்டைகளில் முழு ஆரோக்கியமுள்ளவருக்கும் ஒன்றிரண்டு சிவப்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்த எளிய கணக்கை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடுவதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

அந்தச் சிவப்புப் பட்டைகளுக்குக் கீழேதான் விற்பனை தொடங்குகிறது. செம்புக்கும் துத்தநாகத்துக்கும், கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் இடையிலான விகிதங்களைக் கணக்கிட்டு, என்னை ஒரு வளர்சிதை மாற்ற வகையில் சேர்த்து, அட்ரீனல் சுரப்பி சோர்ந்திருப்பதாக எழுதி, அந்நிறுவனமே விற்கும் மாத்திரைகளின் பட்டியலைத் தந்திருந்தார்கள். அளப்பவரும் விளக்குபவரும் விற்பவரும் ஒருவராக இருக்கும்போது, விளக்கம் விற்பனையின் பக்கம் சாய்வதற்குத் தீய எண்ணம்கூடத் தேவையில்லை. நுண்தனிமங்கள் கூடுதலாகப் போனால் தீங்கில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருப்பதால் இது என்னை உண்மையில் கவலைக்குள்ளாக்குகிறது. வயது வந்தவருக்குத் துத்தநாகத்தின் பாதுகாப்பான உச்ச வரம்பு நாளுக்கு 40 மில்லிகிராம் என அமெரிக்காவில் வகுத்துள்ளார்கள். ஐரோப்பாவில் அது 25. அதை நெடுங்காலம் பல மடங்கு மீறினால், குடலில் செம்பு உறிஞ்சப்படுவது தடைபட்டு, இரத்தசோகையும் தண்டுவடப் பாதிப்பும் வரலாம். தண்டுவடத்தில் நேர்ந்தது சிகிச்சைக்குப் பின்னும் முழுமையாக மீளாமல் போகக்கூடும். செலினியத்தில் பற்றாக்குறைக்கும் நச்சுக்கும் இடையிலான இடைவெளி இன்னும் குறுகியது. சீனாவின் கேஷான் பகுதியில் அதன் பற்றாக்குறை குழந்தைகளின் இதயத் தசையைச் சிதைத்தது. 2008-இல் அமெரிக்காவில் தவறுதலாக ஏறத்தாழ 200 மடங்கு செலினியம் கலந்து விற்கப்பட்ட ஒரு சத்துத் திரவத்தால் 200 பேரளவில் முடி உதிர்ந்தும் நகம் சிதைந்தும் நோயுற்றார்கள்.

இதோடு நில்லாமல், உலோகங்களை வெளியே இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரை அளக்கும் அடுத்தகட்டப் பரிசோதனை ஒன்றையும் பரிந்துரைத்திருந்தார்கள். அந்த மருந்தைக் கொடுத்தால் எந்த ஆரோக்கியமான மனிதரின் சிறுநீரிலும் உலோகம் கூடும். மருந்து கொடுக்காத நிலைக்குரிய வரம்போடு அதை ஒப்பிட்டால் எல்லோருக்கும் நச்சு இருப்பதாகவே வரும். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2010-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், இப்படி அளப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தப் பரிந்துரையை யாரும் ஏற்க வேண்டாம் என்பதே என் திட்டமான கருத்து.

வாடிக்கையாளர் சேவை பணிவாகவும் விரைவாகவும் இருந்தது. கருவி பற்றிய என் கேள்விகளுக்கு ஆய்வக வேதியியலாளர் ஒருவர் பொறுமையாகப் பதிலெழுதினார்; அவருடைய பதில்களில் தெரிந்த நேர்மையும் துல்லியமும் அறிக்கையின் விளக்கப் பகுதியிலும் இருந்திருந்தால் இந்த மதிப்பீடு வேறாக இருந்திருக்கும். வேர்ப்பகுதிக்கும் நுனிப்பகுதிக்கும் ஏன் வெவ்வேறு நோய்க் கணிப்பு என்ற கேள்விக்கு மட்டும் விளக்கப் பிரிவிலிருந்து பதில் வரவில்லை.

அளவீட்டுத் தரத்துக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். விளக்கத்துக்கு ஒன்றுகூடத் தர மனம் வரவில்லை. சோர்வு, முடி உதிர்தல், கைகால் மரத்துப்போதல் போன்ற குறைகளுக்காக இதை வாங்க எண்ணுபவர், முதலில் மருத்துவரிடம் சென்று இரத்த எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் தைராய்டு அளவும் பார்ப்பது நல்லது. துத்தநாகமோ செம்போ செலினியமோ பார்க்க வேண்டும் என்று மருத்துவர் கருதினால், நுண்தனிமப் பரிசோதனைக்கென்றே தயாராகும், பெரும்பாலும் அடர்நீல மூடியுள்ள குழாயில் இரத்தம் எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசியலாம், இரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்தாலும் எண் பொய்யாக ஏறும். அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் அதே மாதிரியில் அளக்கச் சொல்லுங்கள். அது உயர்ந்திருந்தால், காய்ச்சல் தணிந்து சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்த பின்னரே துத்தநாக எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டும்.